கடலில் மிதக்கும் திமிங்கிலத்துக்கு எடை உண்டா? நிறை, எடை, கன அளவு: ஓர் எளிய விளக்கம்

நீலத் திமிங்கிலத்தின் எடை 150 டன் வரை இருக்கும் என்று யாராவது சொன்னால் போதும், பக்கத்தில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். "அது எடை அல்ல, நிறை." அடுத்தவர் விடமாட்டார்: "கடலில் மிதப்பதற்கு எடை ஏது? பூச்சியம்தான்." மூன்றாமவர் இருவரையும் கையமர்த்தி, "எடையும் வேண்டாம், நிறையும் வேண்டாம். எது அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறதோ அதுதான் பெரியது" என்பார். சற்று நேரத்தில் திமிங்கிலத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். சொற்கள் மட்டும் மோதிக்கொண்டிருக்கும்.

மூவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதலாமவர் சொல்லளவில் சரி, ஆனால் அவர் திருத்தியதால் எதுவும் மாறவில்லை. இரண்டாமவர் பாதி தவறு. மூன்றாமவர்தான் சரியான கேள்வியைத் தொட்டிருக்கிறார், ஆனால் அதன் விடை அவர் நினைப்பதுபோல எளிதல்ல.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறையா எடையா என்ற சண்டையால் விலங்குகளின் வரிசை ஒருபோதும் மாறுவதில்லை. நிறையா கன அளவா என்ற கேள்வியால் மாறக்கூடும், சில சமயம் தலைகீழாகவே. ஆனாலும் ஆட்கள் ஆசையோடு போடுவது முதல் சண்டையைத்தான்.

முதலில் சொற்கள்

தமிழில் இந்தக் குழப்பத்துக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் "நிறை" என்கின்றன. அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசையை "எடை" என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது "திணிவு", பின்னதுதான் "நிறை". ஆகவே யானையின் நிறை 5000 கிலோ என்று ஒருவர் எழுத, இன்னொருவர் அதைப் பிழை என்று திருத்தினால், இருவருமே அவரவர் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியவர்களாக இருக்கலாம்.

இந்தக் கட்டுரையில் நிறை என்றால் பருப்பொருளின் அளவு. எடை என்றால் இழுவிசை. கன அளவு என்றால் ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். மூன்றாவதைப் "பருமன்" என்றும் எழுதுவார்கள். விலங்குகளைப் பற்றிப் பேசும்போது அது உடல் கொழுத்திருப்பதோடு குழம்பிவிடும் என்பதால் தவிர்த்துவிட்டேன். டன் என்று சொல்லும் இடமெல்லாம் 1000 கிலோ.

ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவர்

நிறையைக் கையால் உணர ஊஞ்சலைப் போல நல்ல இடம் இல்லை. ஒரு குழந்தை ஊஞ்சலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. லேசாகத் தள்ளினால் போதும், கிளம்பிவிடும். அதே ஊஞ்சலில் கனத்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் தள்ளலுக்கே தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் இரண்டு பேரையும் தாங்குவது கயிறுதான், நீங்கள் அல்ல. நீங்கள் யாரையும் தூக்கவில்லை. பக்கவாட்டில் தள்ளுகிறீர்கள், அவ்வளவுதான். பிறகு ஏன் அவர் கனக்கிறார்?

அங்கே கையில் தட்டுப்படுவதுதான் நிறை. நிற்கும் பொருளை நகர்த்தும்போதும், நகரும் பொருளை நிறுத்தும்போதும் அது காட்டும் பிடிவாதம். நிறை கூடினால் பிடிவாதம் கூடும். பூமியில் இருந்தாலும் நிலாவில் இருந்தாலும் இந்தப் பிடிவாதம் மாறாது.

அந்த ஆளை ஊஞ்சலிலிருந்து இறக்கித் தூக்கச் சொன்னால் கதை வேறு. இப்போது பூமி அவரைக் கீழே இழுக்கிறது, அந்த இழுப்பை எதிர்த்து நீங்கள் மேலே இழுக்கிறீர்கள். இந்த இழுப்புதான் எடை. எடை ஒரு விசை என்பதால் இயற்பியலில் அதை அளக்கும் அலகு கிலோ அல்ல, நியூட்டன். பூமியின் மேற்பரப்பில் ஒவ்வொரு கிலோ நிறையையும் ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசை கீழே இழுக்கிறது. 5000 கிலோ நிறையுள்ள யானையின் எடை சுமார் 49,000 நியூட்டன். நிலாவின் ஈர்ப்பு பூமியுடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆகவே அதே யானையின் எடை அங்கே சுமார் 8,000 நியூட்டன்தான் இருக்கும். ஆனால் ஓடிவரும் யானையை நிறுத்துவது நிலாவிலும் அதே பாடுதான். அதன் நிறை இன்னமும் 5000 கிலோ.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் உடல் நிறையை அளந்தாக வேண்டும், ஆனால் தரைத்தராசில் ஏறி நின்றால் முள் அசையாது. அதனால் சுருள்வில்லின் விசையால் உடலை அசைத்து, அது எவ்வளவு விரைவாக அசைகிறது என்று பார்த்து நிறையைக் கணக்கிடுகிறார்கள். ஏறத்தாழ நம் ஊஞ்சல் வேலைதான்.

தராசு உண்மையில் எதைக் காட்டுகிறது?

இப்போது தொண்டையைச் செருமியவரிடம் வருவோம். கிலோ என்பது நிறையின் அலகு, எனவே எடை இத்தனை கிலோ என்பது பிழை என்கிறார். கிலோகிராம் நிறையின் அலகு, எடை என்பது விசையின் வகையைச் சேர்ந்தது என்று 1901ஆம் ஆண்டிலேயே எடைகள், அளவைகளுக்கான உலகப் பொதுமாநாடு தீர்மானமாக அறிவித்துவிட்டது. சட்டம் அவர் பக்கம்தான்.

சரி, தராசு எந்தப் பக்கம்? இரண்டு தட்டுள்ள தராசில் ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் படிக்கல். பூமி இரண்டையும் ஒரே அளவில் இழுப்பதால் இழுப்பு அடிபட்டுப்போய், நிறைகள் மட்டும் ஒப்பிடப்படுகின்றன. அந்தத் தராசை நிலாவுக்குக் கொண்டுபோனாலும் அதே விடைதான் வரும். சுருள்வில் தராசு அப்படியல்ல. அது உண்மையில் விசையைத்தான் அளக்கிறது, பிறகு நம் வசதிக்காகக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. துருவத்தில் ஈர்ப்பு சற்று அதிகம், நிலநடுக்கோட்டில் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு. 5000 கிலோ யானையை நிலநடுக்கோட்டில் நிறுத்தி அளவு சரிபார்த்த சுருள்வில் தராசைத் துருவத்துக்கு எடுத்துப்போய், அங்கே அதே யானையை நிறுத்தினால், சுமார் 25 கிலோ கூடுதலாகக் காட்டும். யானை ஒரு பிடி புல்லைக்கூடக் கூடுதலாகத் தின்றிருக்காது.

இன்னும் நுணுக்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. காற்றும் தன்னுள் இருக்கும் பொருளைச் சற்று மேலே தூக்குகிறது. ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. யானையின் உடல் ஏறத்தாழ 5 கன மீட்டர் இடத்தை அடைப்பதால், காற்று அதைச் சுமார் 6 கிலோவுக்குச் சமமான விசையால் தூக்கிக்கொண்டிருக்கிறது. யானை காற்றில் மிதப்பதுபோல் நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கணக்கு அதுதான்.

இவை எல்லாம் உண்மை. ஆனால் யானை பெரிதா காண்டாமிருகம் பெரிதா என்ற கேள்விக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. இரண்டும் ஒரே பூமியில் நிற்கின்றன. எதன் நிறை அதிகமோ அதன் எடையும் அதிகம். நிறைப் பட்டியலை எடைப் பட்டியலாக மாற்ற ஒவ்வோர் எண்ணையும் 9.8ஆல் பெருக்கினால் போதும், வரிசை இம்மியும் நகராது. அதனால் "யானையின் எடை 5000 கிலோ" என்று பேச்சில் சொல்பவரைத் திருத்துவது என் பார்வையில் வீண்வேலை. பூமியின் மேல் நின்றுகொண்டு கிலோவில் எடை சொல்பவர் நிறையைத்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரியும். இயற்பியல் தேர்வுத்தாளில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிறை பொருளின் பிடிவாதம், எங்கும் மாறாது. எடை இழுப்பு, இடத்துக்கு இடம் மாறும். ஒரே இடத்தில் இரண்டு விலங்குகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வரிசையைத்தான் தரும்.

கிணற்று வாளியும் கரை ஒதுங்கிய திமிங்கிலமும்

கடலில் எடை பூச்சியம் என்றவரின் வாதம் சற்றுச் சுவையானது. கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். நிரம்பிய வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் கனமே தெரியாது. நீர்மட்டத்தைத் தாண்டி மேலே வந்த கணத்தில் கயிறு கையை அறுக்கும். வாளியில் இருக்கும் நீர் அதே நீர்தான், பூமியின் இழுப்பும் அதேதான். மாறியது தாங்கும் கை. நீருக்குள் இருந்தபோது சுற்றியிருந்த நீரே வாளியைத் தாங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தாங்கலுக்கு மிதப்பு விசை என்று பெயர். ஒரு பொருள் எவ்வளவு நீரை ஒதுக்கித் தள்ளுகிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தூக்கும். ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னது.

திமிங்கிலத்துக்கும் இதுதான் நடக்கிறது. பூமி அதை இழுக்கத்தான் செய்கிறது, 150 டன்னுக்கு உரிய முழு விசையோடு. கடல்நீர் அதே அளவு விசையால் தூக்குகிறது. இரண்டும் சமன்படுவதால் எடை இல்லாததுபோல் தோன்றுகிறது. இல்லாமல் போனது தோற்ற எடை, எடை அல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நாற்காலி தாங்குகிறது என்பதற்காக அவருக்கு எடையே இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

கரை ஒதுங்கிய பெருந்திமிங்கிலம் படும் பாட்டில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். தாங்கும் நீர் விலகியதும் அதன் உடல் எடையே நுரையீரலையும் மற்ற உறுப்புகளையும் நசுக்கத் தொடங்குகிறது. உடல் சூட்டை வெளியேற்றவும் முடியாமல் பெரும்பாலும் மாண்டுபோகிறது. நிறை மாறவில்லை, எடையும் மாறவில்லை. நாற்காலியைத்தான் பறித்துக்கொண்டார்கள்.

படகில் ஏறிய யானை, தொட்டியில் இறங்கிய யானை

இனிதான் உருப்படியான பகுதி.

யானையைப் படகில் ஏற்றி எடை பார்த்த கதை பல நாடுகளில் உண்டு. சீனாவின் பழைய வரலாற்று நூல் ஒன்று அதைச் சாவ் சாவ் என்ற தலைவரின் சிறு வயது மகன் மேல் ஏற்றிச் சொல்கிறது. யானையைப் படகில் நிறுத்தி, நீர்மட்டம் படகில் எங்கே தொடுகிறது என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். யானையை இறக்கிவிட்டு, அதே கோடு வரை படகு அமிழும்படி கற்களை ஏற்ற வேண்டும். பிறகு கற்களைத் தனித்தனியாக நிறுத்துக் கூட்டினால் யானையின் கணக்கு வந்துவிடும்.

இந்தச் சிறுவன் அளந்தது எதை? நிறையை. படகு ஒரு மாபெரும் தராசுபோல வேலை செய்கிறது. நிலாவில் ஓர் ஏரி இருந்து, அங்கே இதைச் செய்தாலும் கோடு அதே இடத்தில்தான் விழும். யானையின் எடை ஆறில் ஒன்றாகக் குறையும்போது நீரின் எடையும் அப்படியே குறைந்துவிடும்.

அதே யானையை விளிம்புவரை நீர் நிரம்பிய தொட்டியில் முழுவதுமாக அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்தால் கிடைப்பது வேறு எண். அது கன அளவு. யானைகள் நன்றாக மிதந்து நீந்தக்கூடியவை என்பதால் அதை அமிழ்த்தத் தனியாகச் சிலர் வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் சோதனையின் சாரம் இதுதான்: மிதக்கவிட்டு அளந்தால் நிறை, அமிழ்த்தி அளந்தால் கன அளவு.

இரண்டையும் இணைக்கும் பாலம் அடர்த்தி. ஒரு கன மீட்டர் இடத்துக்குள் எவ்வளவு நிறை திணிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அடர்த்தி. நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ, அதாவது ஒரு டன். விலங்குகளின் அடர்த்தியை அறியத் தொட்டிகூட வேண்டாம், குளத்தில் மல்லாந்து படுத்தால் போதும். மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் மிதக்கிறோம், முழுவதும் விட்டால் பெரும்பாலோர் மெல்ல அமிழ்கிறோம். அதாவது நம் உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே ஊசலாடுகிறது. தசை நீரைவிடச் சற்று அடர்த்தி, கொழுப்பு சற்றுக் குறைவு, எலும்பு மிக அதிகம், நுரையீரலில் இருக்கும் காற்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எல்லாம் சேர்ந்து நீருக்கு அருகில் வந்து நிற்கின்றன.

பாலூட்டிகளுக்கும் மீன்களுக்கும் ஊர்வனவற்றுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். அதனால் 5 டன் யானை சுமார் 5 கன மீட்டர், 150 டன் திமிங்கிலம் சுமார் 150 கன மீட்டர். நிறையைப் பார்த்தாலும் கன அளவைப் பார்த்தாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். மூன்றாமவரின் வாதம் பல நேரம் எடுபடாமல் போவது இதனால்தான். அது எடுபடும் இடங்கள் சில உண்டு, அங்கேதான் சுவாரசியம்.

கண்ணுக்குப் பெரியது, கைக்குச் சிறியது

வடக்குக் காடுகளில் வாழும் பெரிய சாம்பல் ஆந்தையைப் பார்த்தால் ஆந்தைகளின் அரசன் என்றே தோன்றும். நீளத்தில் உலகின் முன்னணி ஆந்தைகளில் ஒன்று, தலை மட்டுமே ஒரு பானை அளவு. ஆனால் நிறை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டினால் அதிகம். அதைவிடக் குட்டையாகத் தெரியும் யுரேசியக் கழுகு ஆந்தை அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நிறையுள்ளது. சாம்பல் ஆந்தையின் பேருருவில் பெரும்பகுதி இறகும், இறகுகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றும்தான். இங்கே கன அளவு என்று எதைச் சொல்வது? இறகோடு சேர்ந்த வெளிக்கோட்டையா, தோலுக்கு உள்ளே இருப்பதையா? நனைத்துவிட்டு அளந்தால் ஒரு விடை, உலர்ந்தபின் அளந்தால் வேறு விடை. இந்தத் தொல்லையால்தான் உயிரியலாளர்கள் பொதுவாக நிறையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

நீளத்தை நம்பினால் இன்னும் மோசம். தென்கிழக்கு ஆசியாவின் வலைக்கோல மலைப்பாம்பு உலகின் மிக நீளமான பாம்பு, ஆனால் மிகக் கனமானது என்ற பெயர் பச்சை அனகொண்டாவுக்குத்தான். ராட்சதக் கணவாய் நீளத்தில் முந்தும். 2007இல் அண்டார்க்டிகாவை ஒட்டிய கடலில் பிடிபட்ட கொலோசல் கணவாய் 495 கிலோவோடு நிறையில் அதைத் தோற்கடித்தது. சிங்கப்பிடரி ஜெல்லிமீனின் நூல் போன்ற உணர்விழைகள் 30 மீட்டரைத் தாண்டியதாகப் பதிவு உண்டு. அந்த ஒரு எண்ணை வைத்து அதை நீலத் திமிங்கிலத்தைவிடப் பெரியது என்று சொல்பவரோடு நான் வாதாடுவதில்லை.

நீளத்தைப் பற்றி இன்னும் ஒரே ஒரு செய்தி. வடிவம் மாறாமல் நீளம் இருமடங்கானால் தோலின் பரப்பு நான்கு மடங்காகும், கன அளவு எட்டு மடங்காகும். கன அளவு இருமடங்காக, நீளம் வெறும் 26 விழுக்காடு கூடினாலே போதும். 24 மீட்டர் திமிங்கிலமும் 30 மீட்டர் திமிங்கிலமும் படத்தில் அண்ணன் தம்பிபோலத் தெரியும். உண்மையில் ஒன்று மற்றதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு.

எலும்பை வைத்து எடை போடுவது

உயிரோடு இருக்கும் விலங்கையாவது எப்படியோ நிறுத்துவிடலாம். அதுவும் எளிதல்ல. திமிங்கில வேட்டைக் காலத்தில் பெருந்திமிங்கிலங்களைத் துண்டு துண்டாக வெட்டித்தான் நிறுத்தார்கள், இழந்த இரத்தத்தையும் நீரையும் உத்தேசமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அழிந்துபோன விலங்கில் எஞ்சியிருப்பது எலும்பு மட்டும். அங்கே முதலில் கன அளவு, பிறகு அடர்த்தி, கடைசியில்தான் நிறை.

1962இல் எட்வின் கோல்பெர்ட் என்ற தொல்லுயிரியலாளர் டைனோசர்களின் சிறு உருவ பொம்மைகளை மணலில் புதைத்து, அவை ஒதுக்கிய மணலின் அளவிலிருந்து கன அளவைக் கண்டார். அதை உண்மை உருவத்துக்கு விரித்து, அடர்த்தியால் பெருக்கினார். பிராக்கியோசாரஸுக்கு அவருக்குக் கிடைத்த விடை சுமார் 78 டன். பிற்காலத்தில் அதே புகழ்பெற்ற எலும்புக்கூட்டைக் கணினியில் அளந்தவர்களில் சிலர் 40 டன்னை ஒட்டிய எண்ணுக்கு வந்தார்கள், 2012இல் ஒரு குழு 23 டன் என்றது. எலும்பு அதேதான், விலங்கு பாதிக்கும் கீழே இளைத்துவிட்டது.

எப்படி? பொம்மையின் அளவு நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றில் ஒரு கன சென்டிமீட்டர் களிமண் கூடினால், அசல் விலங்கில் அது 40 × 40 × 40, அதாவது 64,000 கன சென்டிமீட்டர். 64 லிட்டர்! சிற்பியின் கட்டைவிரல் சற்றுத் தாராளமாக இருந்தால் டன் கணக்கில் சதை கூடிவிடும். இது கன அளவில் வரும் பிழை. அடர்த்தியிலும் பிழை வரும். நீள்கழுத்து டைனோசர்களின் முதுகெலும்புகளில் பறவைகளுக்கு இருப்பதுபோலக் காற்றுப்பைகளுக்கான குழிவுகள் உண்டு. உடலுக்குள் காற்று நிறைந்த விலங்கை நீரின் அடர்த்தியால் பெருக்கினால் விடை வீங்கிவிடும்.

இதற்கு மாற்றாக இன்னொரு வழி உண்டு. நடக்கும் விலங்கின் கால் எலும்பு அதன் எடையைச் சுமந்தாக வேண்டும். உருவம் பெருகும்போது எடை கன அளவோடு ஏறுகிறது, எலும்பின் வலிமையோ அதன் குறுக்குப்பரப்போடுதான் ஏறுகிறது. அதனால் பெரிய விலங்கின் எலும்பு விகிதத்தை மீறித் தடிக்க வேண்டும் என்று 1638இலேயே கலிலியோ படம் வரைந்து காட்டினார். இன்று வாழும் விலங்குகளின் கால் எலும்புச் சுற்றளவுக்கும் நிறைக்கும் உள்ள தொடர்பைப் பிடித்துக்கொண்டு, டைனோசரின் எலும்பிலிருந்து நேராக நிறைக்கே போய்விடலாம். கன அளவை இடையில் இழுக்கவே வேண்டாம். கடல்விலங்குகளுக்கு மட்டும் இது பலிக்காது. அங்கே சுமப்பது கால் அல்ல, நீர்.

சற்று நின்று மூச்சு வாங்கிக்கொள்வோம். கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் நிறை. வாழும் விலங்குகளில் அடர்த்தி நீரை ஒட்டியிருப்பதால் சிக்கல் குறைவு. இறகு, காற்றுப்பை, அசாதாரணமான எலும்பு என்று எது குறுக்கிட்டாலும் இரண்டும் பிரிந்துவிடும்.

340 டன் திமிங்கிலம் ஒன்று வந்துபோன கதை

2023இல் பெரு நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்த ஒரு பழந்திமிங்கிலத்தைப் பற்றிய ஆய்வு வெளியானது. பெயர் பெருசெட்டஸ் கொலோசஸ். ஏறத்தாழ 3.9 கோடி ஆண்டுப் பழையது. கிடைத்தவை 13 முதுகெலும்புகள், 4 விலா எலும்புகள், இடுப்பெலும்பின் ஒரு பகுதி. முதுகெலும்பு ஒவ்வொன்றும் 100 கிலோவைத் தாண்டும். எலும்புகள் உப்பியும் இருந்தன, உள்ளே துளையில்லாமல் கெட்டியாகவும் இருந்தன. மொத்த எலும்புக்கூட்டின் நிறையைக் கணித்து, அதிலிருந்து முழு உடலின் நிறையை மதிப்பிட்டபோது வந்தது 85 முதல் 340 டன். நீலத் திமிங்கிலத்தின் பட்டம் பறிபோனது என்று உலகமே பேசியது.

மதிப்பிட்ட நீளமோ 17 முதல் 20 மீட்டர்தான். இங்கேதான் நிறையும் கன அளவும் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கின்றன. 17 மீட்டர் நீளமுள்ள திமிங்கில வடிவத்துக்குள் எவ்வளவு கன மீட்டர் அடங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் இருநூறு, முந்நூறு டன்னைத் திணித்தால் அடர்த்தி நீரை வெகுவாகத் தாண்டிவிடும், விலங்கு கல்லைப்போல அடியில் போய்க் கிடக்கும். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பாலூட்டிக்கு அது கட்டுப்படியாகாது. 2024இல் வெளியான மறுகணக்கு இந்த வாதத்தை வைத்தது. 17 மீட்டர் உடலுக்கு 60 முதல் 70 டன், 20 மீட்டர் என்றே கொண்டாலும் 114 டன்னுக்கு மேல் போகாது என்றது.

முதல் கணக்கின் வேர் இதுதான். எலும்பு உடலில் இத்தனை பங்கு என்ற விகிதத்தை மற்ற விலங்குகளிடமிருந்து எடுத்து, அதை இதற்கும் நீட்டிவிட்டது. ஆனால் கனத்த எலும்பு பெரிய உடலுக்கு அடையாளம் அல்ல. கடற்பசுக்களுக்கும் கெட்டியான கனத்த எலும்பு உண்டு. ஆழமற்ற நீரில் மேலே மிதந்துவிடாமல் அமிழ்ந்திருக்க அது நங்கூரம்போல உதவுகிறது. கனம் கூடியது எலும்பில், சதையில் அல்ல.

பேத்தை மீனிடம் ஒரு புதிர்

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒரு புதிர். பேத்தை மீன் மிரண்டால் தண்ணீரைக் குடித்துப் பந்துபோல உப்பிக்கொள்ளும். அப்போது அது பெரிதாகிறதா?

கன அளவு கூடுகிறது, ஐயமில்லை. வயிற்றில் இருக்கும் நீரையும் சேர்த்தால் நிறையும் கூடுகிறது, தள்ளுவது கடினமாகிறது. பூமியின் இழுப்பும் கூடுகிறது. ஆனால் நீருக்குள் அதன் தோற்ற எடை மாறுவதில்லை. கூடிய நீரின் எடையை, கூடுதலாக ஒதுங்கிய நீர் அப்படியே தாங்கிக்கொள்கிறது. கிணற்று வாளியேதான். அதே மீனை வெளியே எடுத்தால் சில சமயம் காற்றை விழுங்கி உப்பும். இப்போது கன அளவு மட்டும்தான் கூடியிருக்கிறது, நிறை ஏறக்குறைய முன்பு இருந்ததேதான்.

பேத்தை மீன் சின்ன விலங்கு, சிரித்துவிட்டுப் போகலாம். கூனிப்பொடிக் கூட்டத்தின் மேல் வாயைத் திறந்து பாயும் துடுப்புத் திமிங்கிலம் ஒரே வாயில் தன் உடல் நிறையைவிட அதிகமான நீரை அள்ளிவிடுகிறது. தொண்டைத் தோல் மடிப்புகள் விரிந்து, திமிங்கிலம் தலைப்பிரட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் அதன் கன அளவு என்ன, நிறை என்ன என்று கேட்டால், நீரைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து விடை இருமடங்கு வேறுபடும். ஒட்டகம் குடித்து முடித்த நூறு லிட்டரை மறுக்காமல் ஒட்டகத்தின் கணக்கில் எழுதுகிறோம். திமிங்கிலத்தின் வாய்நீரை எழுதமாட்டோம், ஏனென்றால் அது உடலுக்குள் போகப்போவதில்லை. சுமார் ஒரு நிமிடத்தில் நீரை எல்லாம் பிதுக்கி வெளியேற்றிவிட்டுத் திமிங்கிலம் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். கன அளவில்தான் பெரியது தெரியும் என்று வாதாடுகிறவர், துடுப்புத் திமிங்கிலத்தை முதலிடத்தில் வைக்க விரும்பினால் அந்த ஒரு நிமிடத்துக்குள் வாதத்தை முடித்துக்கொள்வது நல்லது.